தலைவர் அட்டை

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா. இல்லை இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துகொள்ளுங்கள். எனக்குக் காற்று வேண்டாம், காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். அண்ணே, கண்டக்டர் அண்ணே! இங்க ரெண்டு லேடீஸ் சீட்டு, பஸ் ஸ்டாண்டு. ஆமாண்ணே, இந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான். காசில்லாத சீட்டுக்கு எதுக்குண்ணே ரெண்டு தடவை கேக்குறீங்க, கிழிச்சுக் குடுங்க. பார்த்தீர்களா அக்கா, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்தது. நான் அப்படித்தான். சீட்டு என்னிடமே இருக்கட்டும். உங்கள் மடியில் ஏற்கெனவே பையும் தூக்குவாளியுமாக இருக்கிறது.

என் பெயர் அங்கவை. சிரிக்காதீர்கள், அப்பா தமிழாசிரியர், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் ஆண்டு. ஒரு வாரமாகப் பூவாளிப்பட்டியில் எங்கள் என்.எஸ்.எஸ். முகாம். மற்றவர்கள் எல்லாம் மூன்று மணிக்கே வேனில் போய்விட்டார்கள். நான் ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று முகாமை நடத்திய மேடத்திடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஏன் தெரியுமா? ஒரு பந்தயம். அதில் நான் ஜெயித்தேன். தோற்றேன் என்று வேனில் இருக்கும் இருபத்து மூன்று பேரும் சொல்கிறார்கள். இருபத்து மூன்று பேர் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? பெரும்பான்மை என்பது வேறு, நியாயம் என்பது வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

என்ன அக்கா, விரலைத் தூக்குகிறீர்கள்? சந்தேகமா? கடைசியில் மொத்தமாகக் கேளுங்கள், இடையில் விட்டால் எனக்குக் கோர்வை போய்விடும்.

முதல் நாள் தொடக்க விழா. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல், மைக், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. "ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று மைக்கில் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைக்கரைத் துண்டு போட்ட ஒரு மனிதர் எழுந்து, கும்பிட்டபடியே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்க்கிறேன், 'திருமதி ரா. அழகுநாச்சி' என்று அச்சடித்திருக்கிறது. அழகுநாச்சிக்கு மீசை இருக்குமா அக்கா?

அவர் பெயர் ராசமாணிக்கம். அழகுநாச்சியின் கணவர். ஊரே அவரைத்தான் 'தலைவரே' என்கிறது. ஓட்டு வாங்கி ஜெயித்து, கையெழுத்துப் போட்டுப் பதவியேற்ற அந்த அம்மாவை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'தலைவரு வீட்டம்மா'! தான் வகிக்கும் பதவிக்குத் தானே வீட்டம்மா!

அந்த அம்மா எங்கே இருந்தார் என்று கேளுங்கள். பந்தலுக்குப் பின்னால், எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, நிதானமான கண். நான் நேராகப் போய், "நீங்கதானம்மா தலைவர்? ஏன் மேடைக்கு வரல?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேடையிலிருந்து கணவர் சத்தம் வருகிறது: "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்."

எனக்கு உச்சந்தலை சுட்டது. அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதிவைத்தேன். வேண்டுமானால் காட்டுகிறேன். நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன். இந்த நாட்டில் பாதிப் பேரை ஊமையாக்கி வைத்திருப்பது இந்த ஒரு வாக்கியம்தான் என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே போடப்போகிறேன்.

அன்று ராத்திரியே தீர்மானித்துவிட்டேன், இந்த ஊருக்கு மரம் நட்டுக் குப்பை பொறுக்கினால் போதாது, அரசியல் சொல்லித்தர வேண்டும். சொற்பொழிவு என்றால் ஓடிவிடுவார்கள். விளையாட்டு! பெயர் 'எந்தக் கதவு'. முழுக்க என் கற்பனை. ரிஸ்வானா, என் அறைத்தோழி, தானும் யோசனை சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் சொன்னது விசில் ஊதலாம் என்கிற ஒன்றுதான்.

விளையாட்டு இதுதான். மளிகைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி, நூல் கோத்து, ஒன்பது அட்டைகள் செய்தேன். வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி., இந்த ஆறும் நாம் ஓட்டுப் போட்டு உட்காரவைப்பவை. கலெக்டர், தாசில்தார், பி.டி.ஓ., இந்த மூன்றும் ஓட்டில்லாமல் வருகிற பதவிகள். எங்கள் பெண்கள் ஒன்பது பேர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். ஊர்ப்பெண்கள் நடுவில். 'தெருவிளக்கு எரியவில்லை' என்று நான் கத்துவேன். விசில். எந்தக் கதவைத் தட்ட வேண்டுமோ அந்த அட்டைக்காரியின் கையை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். தப்பான ஆளைப் பிடித்தால் அவுட். எவ்வளவு எளிமை! எவ்வளவு அறிவு!

நான்காம் நாள் சாயங்காலம் ஒத்திகை. முப்பது பெண்கள் வந்தார்கள், நூறு நாள் வேலை முடிந்து, சேலைக்கு மேலே சட்டையைக்கூடக் கழற்றாமல். முதல் கேள்வி, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். விசில். இருபது பேர் பாய்ந்து கலெக்டரைப் பிடித்தார்கள். கலெக்டர் ரிஸ்வானாதான். அட்டை அறுந்து, துப்பட்டா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டாவது, சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. மறுபடியும் கலெக்டர்! எனக்கு வந்த கோபம்! "கலெக்டருக்கு நீங்க ஓட்டுப் போட்டீங்களா?" என்றேன். கூட்டத்தில் ஒரு அம்மா சொல்கிறார்: "ஓட்டுப் போட்ட ஆளு வீட்டுக்குப் போனா குளிக்கிறாருன்றாக, தூங்குறாருன்றாக. கலெக்டரு அம்புட்டு நேரமாவா குளிக்கிறாரு? திங்கக்கெழமையானா மனு வாங்குறாருல்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கருத்தியல் தெளிவு இல்லை.

மூன்றாவது கேள்வி கேட்டேன், குழாயில் தண்ணீர் வரவில்லை. விசில். இந்தத் தடவை கலெக்டர் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. அப்பாடா என்று நான் நினைப்பதற்குள், முப்பது பெண்களும் வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள்! தலைவர் அட்டை, வார்டு அட்டை எல்லாம் பொம்மை மாதிரி நிற்கின்றன. மைதானத்துச் சுவர் ஓரம், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை முப்பது பேரும் சூழ்ந்துகொண்டு, கையைப் பிடி, சட்டையைப் பிடி என்று... அவர் "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலத்தா!" என்று அலறுகிறார். யார் அவர்? சோலைமுத்து. டேங்க் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடுகிறவர். தேர்தலும் இல்லை, அட்டையும் இல்லை, ஆனால் ஊரின் உண்மையான அரசாங்கம் அவர்தான்!

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. சோலைமுத்து பகல் பதினோரு மணிக்கு மோட்டார் போடுகிறார். அந்த நேரத்தில் பெண்கள் எல்லாம் கண்மாய்க்கரையில் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். தண்ணீர் வருகிறது, குடம் வைக்க ஆள் இல்லை. காலையில் போடச் சொல்லி எட்டு மாதமாகக் கேட்கிறார்கள். சோலைமுத்து என்ன சொல்கிறார் என்றால், "தலைவரு சொல்லட்டும், போடுறேன்." எந்தத் தலைவர்? ராசமாணிக்கம். அவரைக் கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்." அழகுநாச்சியைக் கேட்டால்? ஒருத்தரும் கேட்டதே இல்லை, அக்கா! ஓட்டு மட்டும் போட்டிருக்கிறார்கள்!

மறுநாள் ராசமாணிக்கம் எங்களுக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், பழம் நன்றாக இருந்தது. இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டே கேட்டேன், "ஏன் ஐயா, உங்க வீட்டம்மாவே பேசினா என்ன?"

"அவளுக்குக் கூச்ச சுபாவம்மா. நாலு பேரு முன்னாடி வாயி வராது. நான் பேசலேன்னா ஊரு வேலை நின்னுபோயிரும்."

"நீங்க பேசறதாலதான் அவங்களுக்கு வாய் வரல."

"நான் வாயை மூடிக்கிட்டா மட்டும் அவ பேசிருவாளாக்கும்?"

"பந்தயமா?"

"பந்தயம்!"

மேடம் பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து இழுத்தார். நான் சடையை முன்னால் போட்டுக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னேன். நாளை ஆறாம் நாள், ஊர் முழுக்கப் பார்க்க விளையாட்டு நடக்கும். தலைவர் அட்டையை அழகுநாச்சி அம்மாவே மாட்டிக்கொள்வார். அவருக்கு மட்டும் ஐந்து கேள்வி. ராசமாணிக்கம் வாயைத் திறக்கக் கூடாது. அந்த அம்மா பதில் சொல்லிவிட்டால், அதற்கு மறுநாள் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் அவர்தான் நாற்காலியில் உட்காருவார், இவர் தரையில் சனங்களோடு உட்கார வேண்டும். பதில் வராவிட்டால், கிராம சபையில் மைக்கைப் பிடித்து 'ராசமாணிக்கம் ஐயாதான் உண்மையான தலைவர்' என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட நான் அந்தத் தொட்டியில் ஏறிக் குதித்துவிடுவேன், அக்கா. என் மூன்று வருடக் கொள்கை, என் ஆய்வேடு, எல்லாம் அந்த ஐந்து கேள்வியில் தொங்குகிறது.

சரி, அந்த அம்மாவிடம் கேட்டாயா என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரிஸ்வானா கேட்டாள். பந்தயம் கட்டியபிறகு போய்ச் சொன்னேனே! அழகுநாச்சி அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் விவரமாக முக்கால் மணி நேரம் விளக்கினேன். ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தத்தில் ஆரம்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரித்தா" என்றார். அவ்வளவுதான். வேறு ஏதோ சொல்ல வந்தார், எனக்கு நேரமாகிவிட்டது.

என்ன அக்கா, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? கால் மரத்துவிட்டதா? உட்காருங்கள், உட்காருங்கள், பஸ் ஆடுகிறது, தூக்குவாளி கவிழ்ந்துவிடும். இது ஏதோ ஒரு ஊருக்குப் பிரிகிற விலக்கு, ரெண்டு பேர் இறங்குகிறார்கள், அவ்வளவுதான். ரைட்ண்ணே, போகலாம்! இப்போதுதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது, நீங்கள் போய் இப்போது எழுந்திருக்கிறீர்களே!

ஆறாம் நாள். திருவிழாக் கூட்டம்! பந்தயம் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆட்கள். வேர்க்கடலை வண்டிக்காரர் ஒருவர் வந்து கடை போட்டுவிட்டார். ஜனநாயகம் இப்படித்தான் வளர வேண்டும். ராசமாணிக்கம் வந்தார். அந்தப் பச்சைக்கரைத் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, வாயைச் சுற்றி இறுக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கூட்டம் விசிலடித்தது. அழகுநாச்சி அம்மா அட்டையைக் கையில் வாங்கி, 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்துவிட்டு மாட்டிக்கொண்டார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். தைரியத்துக்கு.

ரிஸ்வானா நடுவர். முதல் கேள்வி: "குடிநீர்க் குழாய் உடைஞ்சா யார் பொறுப்பு?"

"அது வந்து..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

அது வந்து என்று சொன்ன பிறகு எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா அக்கா? ஒரு யுகம்! "ஊராட்சி! ஊராட்சின்னு சொல்லுங்க!" என்று சும்மா எடுத்துக் கொடுத்தேன். ரிஸ்வானா விசில் ஊதினாள். "இது அங்கவை சொன்ன பதில்" என்கிறாள்! தோழியா இவள்?

இரண்டாவது: "வீட்டு வரி எங்க கட்டணும்?" அந்த அம்மா மூச்சை இழுத்தார். அந்த மூச்சு போன வேகத்தைப் பார்த்தால் பதில் வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது. "ஊராட்சி அலுவலகம்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். கடலை வண்டிக்காரர் வரைக்கும் கேட்டதாம். மூன்றாவது, ஒன்றியக் குழுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது. இது கஷ்டமான கேள்வி. மக்கள் நேராகப் போடுவதில்லை, கவுன்சிலர்கள் கூடிப் போடுவது. எனக்கே முதலாமாண்டில் இது தெரியாது. அதனால் இதை நான் சொன்னது உதவி, விதிமீறல் இல்லை. நான்காவது, தலைவர் பதவிக்காலம் எத்தனை வருடம். அந்த அம்மா கையைத் தூக்கினார். அவர் ஐந்து விரலையும் விரிப்பதற்குள் நான் விரித்துவிட்டேன். விரல் காட்டுவது பேச்சாகுமா? சட்டப்படி ஆகாது!

ராசமாணிக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண் பிதுங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, நெற்றியில் வேர்வை ஆறாக ஓடுகிறது, ஆனால் துண்டு அவிழவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஐந்தாவது, கடைசி. "கிராம சபைக்குத் தலைமை வகிப்பது யாரு?"

நான் மூச்சை இழுத்தேன். அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு விசில், காது சவ்வு கிழிகிற மாதிரி. பார்த்தால், ரிஸ்வானாவின் கையிலிருந்து விசிலைப் பிடுங்கி அழகுநாச்சி அம்மா ஊதிவிட்டார்!

"ஏத்தா" என்றார் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல். "அஞ்சு வருசமா வலப்பக்கம் ஒரு வாயி. இன்னிக்கு எடப்பக்கம் ஒண்ணா? அந்த மனுசன் வாயைக் கட்டி உக்காந்ததும், இன்னைக்காச்சும் பேசலாம்னு வந்தேன். நீ விட்டாத்தானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூட்டத்துக்கு எது சொன்னாலும் சிரிப்புத்தான்.

"கேள்வி என்ன, கிராம சபைக்குத் தலைமை யாரா? நான்தான்" என்றார். "நாளைக்குப் பதினோரு மணி. குழாய்த் தண்ணி விசயம் இருக்கு. பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்துருங்க."

கைதட்டல்! நான்தான் முதலில் தட்டினேன். ஜெயித்துவிட்டோமே! ஆனால் ராசமாணிக்கம் துண்டை அவிழ்த்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அஞ்சுல நாலு காலேஜ் பொண்ணு சொன்னது. நான் ஜெயிச்சேன்." என்ன அநியாயம்! நிபந்தனை என்ன, அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது. நான் திறக்கக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா? குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். அவர் தன் பக்கத்து நியாயம், நான் என் பக்கத்து நியாயம், இருட்டும் வரைக்கும் வாதம். சோலைமுத்து நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்து ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினார். கடைசியில் அழகுநாச்சி அம்மா அட்டையைக் கழற்றாமலே வந்து நின்று, "ரெண்டு பேரும் தோத்தீக" என்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் பந்தலுக்கு வெளிய உக்காருங்க."

ரெண்டு பேரும்! அவரை நாற்காலிக்குக் கொண்டுவந்தது யார் அக்கா? அட்டை வெட்டியது யார்? நூல் கோத்தது யார்?

இன்று காலை. பதினோரு மணி. பந்தலுக்கு வெளியே, ரேஷன் கடைச் சுவர் ஓரமாக, தரையில், நானும் ராசமாணிக்கமும். உள்ளே போக எங்களுக்குத் தடை. மற்ற எல்லோரும் உள்ளே. நடு நாற்காலியில் அழகுநாச்சி அம்மா, கழுத்தில் என் அட்டை. போன தடவை கிராம சபைக்கு நாற்பது பேர் வந்தார்களாம். இன்று உட்கார இடமில்லை. எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பே கொள்ளவில்லை. அவருக்கும்தான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒருத்தர் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டதும், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தோம், "பி.டி.ஓ. ஆபீசுக்கு எழுதணும்." அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையிலிருந்த பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். கடலை. அதற்குப்பிறகு ரெண்டு பேரும் சேர்ந்தே முணுமுணுத்தோம். நேர்மையாகச் சொன்னால், அந்த ஊரில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் தண்ணீர் விஷயம் வந்தது. "காலையில மோட்டார் போடணும்" என்று பெண்கள் கத்தினார்கள். சோலைமுத்து எழுந்து, "போடலாம். ஆனா காலையில ரெண்டு தெருவும் ஒண்ணாப் பிடிச்சா பள்ளிக்கூடத் தெருவுக்கு ஏறாது, அது மேடு. அப்புறம் என்னைய வையுவாக. தலைவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று வெளியே எங்கள் பக்கம் பார்த்தார்.

"யாருகிட்ட?" என்றார் அழகுநாச்சி அம்மா.

சோலைமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "உங்ககிட்டத்தான்... தலைவரே" என்றார். அக்கா, எனக்குப் புல்லரித்தது! தலைவரே!

பதில் என்ன என்று எனக்குத் தெரியாது. ராசமாணிக்கத்தைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். புதுக் குழாய் போட வேண்டும், எம்.எல்.ஏ. நிதியைக் கேட்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அழகுநாச்சி அம்மா சொல்கிறார்: "ஆறு மணிக்குப் போடு. குளத்துத் தெரு வால்வை மூடி வையி. அரை மணி நேரம் பள்ளிக்கூடத் தெருவுக்கு மட்டும் விடு. ஆறரைக்கு இதை மூடி அதைத் தெற. பள்ளத்துக்கு அரை மணி நேரமே சாஸ்தி. எட்டு மாசமா நான்தானே கொடத்தோட நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

தீர்மானம். கையெழுத்து. முடிந்தது. வால்வு! எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?

தீர்மானப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். முகாம் மாணவிகளுக்கு நன்றி என்று பொதுவாக எழுதியிருக்கிறது. 'எந்தக் கதவு' என்றோ அங்கவை என்றோ ஒரு எழுத்து இல்லை. இதைத்தான் மேடத்திடம் கேட்டேன். ரிஸ்வானா எல்லார் முன்னாலும், "நீயும் ராசமாணிக்கமும் ஒண்ணுதாண்டி" என்றாள். இருபத்து மூன்று பேரும் தலையாட்டினார்கள். அதனால்தான் வேனில் ஏறவில்லை. நானும் அவரும் ஒன்றா? அவர் ஒரு பெண்ணின் குரலைப் பறித்தவர். நான் அவளுக்காகக் குரல் கொடுத்தவள். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் எம்.ஏ. படிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, அழகுநாச்சி அம்மாவுக்கு என் அருமை தெரியும். வழியனுப்பும்போது மற்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு பேனா. எனக்கு மட்டும், இதோ பாருங்கள், என் தோளில் இருக்கிறதே, இந்தத் துண்டு! பச்சைக்கரை. அவர் கணவரின் தோளிலிருந்தே உருவி, எல்லார் முன்னாலும் எனக்குப் போர்த்தினார். "அவருக்கு இனிமே தேவப்படாது, ஒனக்கு ஒதவும், வச்சுக்கத்தா" என்றார். எவ்வளவு பெரிய மரியாதை! ரிஸ்வானா மட்டும் ஏன் விழுந்து விழுந்து சிரித்தாள் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. பொறாமை.

சரி அக்கா, இப்போது சொல்லுங்கள். ஜெயித்தது நான்தானே? நான்தான், இல்லையா? எனக்குத் தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதோ, பஸ் ஸ்டாண்டு வளைவு வந்துவிட்டது, பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே...

என்ன? மெதுவாகச் சொல்லுங்கள், ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. வடுகன்குளம் விலக்கா? நீங்கள் இறங்க வேண்டியதா? அது போய் முக்கால் மணி நேரம் ஆகிறதே! நீங்கள் எழுந்தீர்களே, அந்த இடமா? ஐயோ அக்கா, என்ன ஆள் நீங்கள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாய் எதற்கு இருக்கிறது? பெண்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் நாடு இந்த நிலைமையில் இருக்கிறது. இதைத்தானே நான் ஒன்றரை மணி நேரமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டு வருகிறேன்!

பதறாதீர்கள். திரும்பிப் போகிற வண்டி இருக்கும். அண்ணே, கண்டக்டர் அண்ணே, இங்க வாங்க! இந்த அக்கா வடுகன்குளம் போகணுமாம், நீங்க ஒழுங்கா விசாரிக்காம பஸ் ஸ்டாண்டுக்குச் சீட்டுக் குடுத்துட்டீங்க. என்னது, நான் சொன்னேனா? இல்லை அக்கா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அவரிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்.